கல்யாணத்தில் குணமானது

“டாக்டரம்மா, எனக்கு ஒண்ணுமில்லைன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்டா போதும். இவ நிம்மதியா ரயிலேறிடுவா.”

லிஃப்ட் மெக்கானிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து சொன்னார். பக்கத்தில் அவர் மனைவி, பெரிய கைப்பை ஒன்றை மடியில் அணைத்தபடி உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. வெளியூர்க் கிளைக்கு ஒரு வருஷம் பொறுப்பாளராகப் போகச் சொல்லி உத்தரவு வந்திருந்தது. பதவி உயர்வுதான். ஆனால் மகளுக்குப் பள்ளிக்கூடம் இங்கே. அதனால் குழந்தை அப்பாவோடு இருந்தாக வேண்டும். அந்த ‘அப்பாவோடு’ என்ற இடத்தில்தான் அம்மாவுக்கு இடித்தது.

“போறாளா இல்லையான்னு இவ நாளைக்குள்ள ஆபீஸ்ல சொல்லியாகணும். இவ என்னடான்னா, டாக்டர் உங்களைப் பார்த்துச் சொல்லட்டும், அப்புறம்தான் பதில்னு ஒத்தக்கால்ல நிக்கிறா. லிஃப்ட்டையே ஏத்தி இறக்குற எனக்கு ஒரு பொண்ணை ஸ்கூலுக்கு ஏத்தி இறக்கத் தெரியாதா?”

டாக்டரம்மா மனைவியைப் பார்த்தார். “உங்களுக்கு என்னம்மா சந்தேகம்?”

அவள் கணவனை ஒருமுறை பார்த்துவிட்டு, “பேசினா காதுலயே வாங்க மாட்டார்,” என்றாள்.

“அது நோய்னா, ஊர்ல இருக்கிற அத்தனை புருஷன்மாரும் என் வாசல்ல வரிசையில நிக்கணும்.”

மெக்கானிக் தொடையைத் தட்டிச் சிரித்தார். மனைவி சிரிக்கவில்லை.

டாக்டரம்மா பேனாவைத் திறந்தார். “கவனம் சிதறாத மனுஷங்க கிடையாது. தூக்கம் கெட்டா சிதறும், கவலை வந்தா சிதறும், கையில போன் இருந்தா கேக்கவே வேணாம். அதெல்லாம் வரும், போகும். ஏடிஎச்டின்னு சொல்ற கவனக்குறைபாடு அப்படியில்ல. சின்ன வயசுலயே ஒட்டிக்கும். வீடு, வேலைன்னு போற இடத்துக்கெல்லாம் கூடவே வந்து காலை வாரும். சின்ன வயசுல நீங்க எப்படி?”

“சின்ன வயசா?” மெக்கானிக் பழைய விருதுகளைச் சொல்பவர்போல நிமிர்ந்தார். “ஸ்கூல்ல எனக்குப் பேரே ‘காணோம்’தாங்க. வாத்தியார் அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது, ‘காணோம் வந்திருக்கான் சார்’னு பசங்க சொல்வாங்க. பென்சில், பை, செருப்பு எதுவும் வீடு வந்து சேராது. சைக்கிள்ல போய் நடந்து வருவேன். ஒரு நாள் தங்கச்சியைக் கடைத்தெருவுல விட்டுட்டு வந்து சாப்பிட உக்காந்துட்டேன். ‘எங்கடா அவ?’ன்னு அம்மா கேட்டாங்க. ‘எவ?’ன்னு கேட்டேனாம்.”

“அடி விழுந்திருக்குமே?”

“விழாம? எங்கப்பா கை ஓஞ்சதுதான் மிச்சம். ‘வேணும்னே பண்றான், கொழுப்பு’ன்னு சொல்லிச் சொல்லி அடிப்பார். நானும் அப்படித்தான் போலன்னு நம்பிட்டேன்.” இதை மட்டும் அவர் சிரிக்காமல் சொன்னார். பிறகு உடனே முகம் மலர்ந்தது. “ஆனா அதெல்லாம் பழைய கதைங்க. கல்யாணத்தோட குணமாயிடுச்சு.”

பேனா நின்றது. “கல்யாணத்துல ஆரம்பிச்ச வியாதிங்க நிறைய பார்த்திருக்கேன். கல்யாணத்துல குணமான வியாதியை இப்பதான் பார்க்கறேன்.”

“சத்தியமா! தாலி கட்டின கையோட பொறுப்பு வந்து உக்காந்துடுச்சு. இந்தச் சாவிக்கொத்து, இந்தக் கண்ணாடி, எல்லாம் கல்யாண வருஷத்துல வாங்கினது. இந்தக் குடையைப் பாருங்க.” நாற்காலியில் மாட்டியிருந்த கறுப்புக் குடையை எடுத்து, போரில் வென்ற வாளைப்போல உயர்த்தினார். “எங்க மாமனார் சீதனமா கொடுத்தது. மழை, வெயில், பஸ், டீக்கடைன்னு எங்கெல்லாமோ போயிருக்கு. ஒரு நாள் தொலைஞ்சதில்ல. கம்பி கூட துருப்பிடிக்கல. குடையையே இப்படிப் பார்த்துக்கறவன் பெத்த பொண்ணைப் பார்த்துக்க மாட்டானா?”

“வேலையில எப்படி?”

“லிஃப்ட்டுக்குள்ள ஆள் மாட்டிக்கிட்டாங்கன்னு வெச்சுக்குங்க, இடி விழுந்தாலும் எனக்குக் கேக்காது. வெளிய எடுத்துட்டுதான் மூச்சு விடுவேன்.”

டாக்டரம்மா யோசித்தார். “சின்ன வயசுக் கதை கொஞ்சம் உறுத்துது. ஆனா இத்தனை வருஷமா ஒரு பொருளைக்கூடத் தொலைக்காத மனுஷனை என்னன்னு சொல்றது? இப்போதைக்கு, எல்லாருக்கும் இருக்கிற மறதிதான்னு தோணுது.”

“கேட்டியா?” மெக்கானிக் மனைவி பக்கம் திரும்பினார். வெற்றிக் குரல் அல்ல அது, குழைந்திருந்தது. “எனக்காக நீ இந்த வேலையை விடக் கூடாதும்மா. பாப்பாவை நான் கண்ணுல வெச்சுப் பார்த்துக்கறேன். தைரியமாப் போயிட்டு வா.”

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் நிறைந்துவிட்டது.

“ஏங்க, கோச்சுக்காதீங்க,” என்றாள்.

மடியிலிருந்த பையைத் திறந்தாள். ஒரு சாவிக்கொத்தை எடுத்து மேஜைமேல் வைத்தாள். பிறகு ஒரு மூக்குக்கண்ணாடி, அதே பழுப்புச் சட்டம். கடைசியாக ஒரு கறுப்புக் குடை. அதன் கைப்பிடியில் விலைச்சீட்டு இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது.

மெக்கானிக் தன் கையிலிருந்த குடையைப் பார்த்தார். மேஜைமேல் கிடந்ததைப் பார்த்தார். இரட்டைப் பிள்ளைகளில் எது மூத்தது என்று தேடுபவரைப்போல மறுபடியும் பார்த்தார்.

“குடைக்கடைக்காரர் என்னைத் தூரத்துல பார்த்தாலே, கேக்காம இதை எடுத்து வெச்சிடுவார், டாக்டர்,” என்றாள் அவள். “நான் ஊர்ல இல்லாத ஒரு வருஷம், இந்தப் பையை யார்கிட்ட கொடுத்துட்டுப் போறது?”