துணைப் பாடம்

"இந்தப் பொண்ணு நோட்டே எழுதலை. நான் ஃபெயில்தான் போடப்போறேன்."

பேராசிரியை இப்படிச் சொன்னதும் மாணவிக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. போன வெள்ளிக்கிழமை, இதே அறையில் வைத்துத்தான் நூற்றிருபது பக்க நோட்டை அவர் கையில் கொடுத்திருந்தாள்.

"மேடம், உங்க கையிலதானே கொடுத்தேன்?"

"என் கையிலயா? பொய் வேற சொல்றியா?"

பக்கத்து நாற்காலியில் பிஸ்கட் ஃபாக்டரி மேனேஜர் உட்கார்ந்திருந்தார். அவர் எதிரில் இப்படிக் கேட்டது அவளுக்குச் செருப்பால் அடித்ததுபோல் இருந்தது.

அவளுக்கு முதன்மைப் பாடம் புள்ளியியல். மானுடவியலைத் துணைப் பாடமாக எடுத்ததற்குப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. வகுப்பு பதினோரு மணிக்குத்தான் தொடங்கும், காலையில் தூங்கலாம். ஆனால் போகப் போக அந்தப் பாடம் அவளைப் பிடித்துக்கொண்டது. கடைசிப் பருவத்தில் களப்பணி. ஏதாவது ஓர் இடத்துக்கு நாற்பது நாள் போய், அங்கே வேலை செய்கிறவர்களோடு இருந்து, பார்த்ததையும் கேட்டதையும் எழுத வேண்டும்.

அவள் பிஸ்கட் ஃபாக்டரியின் பேக்கிங் பிரிவுக்குப் போனாள். எதிரில் எழுதினால் ஆட்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள் என்று பேராசிரியை எச்சரித்திருந்ததால், திரும்பி வரும் பஸ்ஸில் உட்கார்ந்துதான் எழுதுவாள்.

ஃபாக்டரி கொடுத்த அனுமதிக் கடிதத்தில் ஒரு நிபந்தனை இருந்தது. எழுதியதன் நகல் ஒன்று அவர்களுக்கும் வர வேண்டும். அதைக் கேட்டுத்தான் மேனேஜர் நேரிலேயே வந்திருந்தார். பேக்கிங்கில் ஏன் வேலை சுணங்குகிறது என்று அந்த நோட்டைப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று அவருக்கு நம்பிக்கை.

"நானும் கவனிச்சேன் மேடம்," என்றார். "எப்பப் பாரு அரட்டைதான். பேனாவைக் கையில எடுத்தே பார்த்ததில்லை."

மாணவிக்குக் கண் கலங்கியது. ஜூனில் வேலைக்குச் சேர வேண்டும் என்று கடிதம் வந்திருந்தது. எல்லாப் பாடத்திலும் தேறியிருந்தால்தான் அந்த வேலை. அம்மா ஏற்கெனவே தெரு முழுக்கச் சொல்லி முடித்துவிட்டாள்.

அப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது. நோட்டைக் கொடுக்கும் முன் சில பக்கங்களை ஃபோனில் படம் எடுத்து வைத்திருந்தாள். அவசரமாகப் பையைத் திறந்தாள்.

"பையை மூடு," என்றார் பேராசிரியை.

"இல்ல மேடம், என்கிட்ட..."

"என்னம்மா இருக்கு அதுல?" மேனேஜர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"என்ன இருக்கும்? யாராவது எழுதினதைக் காப்பி அடிச்சு வச்சிருப்பா. இன்னும் ஒரு வார்த்தை பேசினே, உன்னைப் பரீட்சையே எழுத விடமாட்டேன்."

அவள் பையை மூடினாள்.

மேனேஜருக்கே ஒருமாதிரி ஆகிவிட்டது. நோட்டு இல்லை என்பதை எழுத்தில் கொடுத்தால் போதும், தானும் மேலிடத்துக்குப் பதில் சொல்ல வேண்டும், வெளியே காத்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

பேராசிரியை கதவைச் சாத்தினார். மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு நோட்டை எடுத்து அவள் முன் வைத்தார். அவளுடைய நோட்டுதான்.

"எழுபத்தி மூணாம் பக்கம். படி. சத்தம் வரக் கூடாது."

இருப்பதிலேயே நன்றாக வந்திருக்கிறது என்று அவள் நினைத்திருந்த பக்கம் அது.

'மூன்றாம் மேஜை அக்காவுக்கு இது ஐந்தாம் மாதம். தெரிந்தால் வேலையை விட்டு நிறுத்திவிடுவார்கள் என்று அளவு பெரிய யூனிஃபார்ம் கோட்டைப் போட்டு வயிற்றை மறைக்கிறாள். அவள் பங்கையும் மற்ற நான்கு பேரே அடுக்குகிறார்கள். சூப்பர்வைசர் அந்தப் பக்கம் போனதும் டிரேயைக் கவிழ்த்து அவளை உட்கார வைக்கிறார்கள். அவர் திரும்பினால் கதவோரம் நிற்பவள் இரண்டு தடவை இருமுவாள்.'

கீழே ஐந்து பேரின் பெயரும் இருந்தது.

"என்னை நம்பிச் சொன்னாங்க மேடம்."

"தெரியுது. நம்பலைன்னா இப்படி எழுதியிருக்க முடியாது. இத்தனை வருஷத்துல என்கிட்ட இப்படி ஒரு நோட்டு வந்தது இதுதான் முதல் தடவை."

"பேரை அடிச்சுட்டுக் கொடுத்தா?"

"மூணாம் மேஜையில யார் நிக்கறாங்கன்னு பார்க்க அவருக்கு எவ்வளவு நேரமாகும்?"

"இந்தப் பக்கத்தைக் கிழிச்சுட்டா?"

"புரட்டிப் பாரு. எந்தப் பக்கத்துல அவங்க இல்லை?"

புரட்டவே தேவையில்லை. அவளுக்குத் தெரியும்.

பேராசிரியை ஒரு தாளை நகர்த்தி வைத்தார். களப்பணிக் குறிப்பு எதுவும் தன்னிடம் வரவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். கீழே மாணவியின் விளக்கத்துக்கு இடம் காலியாக இருந்தது.

"நான் கட்டாயப்படுத்தலை. நோட்டு வந்துச்சுன்னு சொன்னா உனக்கு முழு மார்க். நகலும் அவர் கைக்குப் போயிடும். வரலைன்னா, அடுத்த பருவம் மறுபடி முதல்லேர்ந்து. யோசிச்சுக்கோ."

வெளியே மேனேஜரின் ஷூ சத்தம் அங்கும் இங்குமாக நடந்துகொண்டிருந்தது.

அவள் ஃபோனை எடுத்தாள். படங்களை ஒவ்வொன்றாக அழித்தாள். அம்மாவிடம் என்ன சொல்வது என்று ஒரு கணம் நினைத்தாள். பிறகு பேனாவை வாங்கி, நாற்பது நாளும் பஸ் குலுக்கலில் கோணலாகவே எழுதியவள் இந்தத் தடவை நிதானமாக, தெளிவாக எழுதினாள்:

'நான் எதையும் எழுதவில்லை.'