பட்ட பனையில் ஒரு பொந்து

முட்டையிட இடம் தேடி அலைந்த மைனா ஜோடிக்கு, ஏரிக்கரையில் பட்டுப்போன பனை ஒன்றில் ஒரு பொந்து கிடைத்தது. ஆண் மைனா உள்ளே எட்டிப் பார்த்துத் துள்ளியது.

"நல்ல ஆழமா இருக்கு. இன்னிக்கே வந்துடலாம்."

"இரு, அக்கம்பக்கத்துல விசாரிக்கலாம்" என்றது பெண் மைனா.

அதே மரத்தில் கீழே ஒரு சின்னப் பொந்தில் அணில் ஒன்று தனியாக இருந்தது. அது ஆசையோடு ஓடி வந்தது.

"தாராளமா வாங்கக்கா. தண்ணி பக்கத்துலயே இருக்கு. காக்கா தொல்லையும் கிடையாது."

"இதுக்கு முன்னாடி இங்க யாரு இருந்தாங்க?"

"கிளி இருந்துச்சு. போயிடுச்சு."

"ஏன் போச்சு?"

அணில் முகத்தைத் திருப்பிக்கொண்டு மரப்பட்டையைச் சுரண்டியது.

"போன வருஷம் என் மூணு குஞ்சையும் பாம்பு தின்னுடுச்சு. அதனாலதான் கேக்குறேன்" என்றது பெண் மைனா.

அணிலுக்குக் கண் கலங்கிவிட்டது. "இங்கயும் சாரைப்பாம்பு ஏறும்க்கா. கிளியோட குஞ்சுங்களும் அப்படித்தான் போச்சு. பேச்சுத்துணைக்கு யாராவது வந்தா போதும்னு மறைச்சுட்டேன்."

ஆண் மைனாவுக்குக் கோபம் வந்தது. பெண் மைனா தன் ஜோடியை அழைத்துக்கொண்டு பறந்து போனது.

மூன்று நாள் கழித்து பெண் மைனா மட்டும் திரும்பி வந்தது.

"ஏரிக்கு அந்தப் பக்கம் ஒரு வேப்பமரம் பாத்திருக்கோம். அங்க ரொம்ப நாளா இருக்குற மரங்கொத்திகிட்ட கேட்டோம், பாம்பு ஏறினதே இல்லையாம். கீழ்க்கிளையில இன்னொரு பொந்து காலியா கிடக்கு. வந்து பாரு."

அணில் தயங்கியது. "பக்கத்துல யாரு இருக்காங்கக்கா?"

"நாங்கதான்."