பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில்

செத்துப்போன புருஷனின் குரல், மூன்றாம் பாட்டுக்கும் நான்காம் பாட்டுக்கும் நடுவில் வந்தது.

"சாயிரா..."

ஒரே சொல். அதற்குள் தம்பி நாகூர் மீரானின் அடுத்த பாட்டு தடதடவென்று அதன்மேல் ஏறிவிட்டது. சாயிரா டேப்பைப் பின்னுக்கு ஓட்டி மறுபடியும் கேட்டாள். அவருடைய குரல்தான்.

அவள் இத்தா இருந்தாள். புருஷனை இழந்தவள் நான்கு மாதம் பத்து நாள் வாசல் தாண்டக் கூடாது. தாராவியின் அந்தப் பத்துக்குப் பத்து அறையில், தம்பி வேலைக்குப் போனபின் அவளுக்குத் துணை அவன் போட்ட கேசட் மட்டும்தான்.

மீரான் தோல் பை தைக்கிறவன். நடைபாதையில் வாங்கிய வெளிநாட்டு கேசட்டில் ஒரு ஆள் பாடாமல் தாளத்துக்குப் பேசிக்கொண்டே போனதைக் கேட்டதிலிருந்து இந்தப் பைத்தியம். அதற்குப் பெயர் ராப்பாம். லீவு நாட்களில், பூட்டிய தோல் கிடங்குக்குள் தனியாக உட்கார்ந்து, மரச்சுத்தியால் தாளம் போட்டு எட்டுப் பாட்டுப் பதிவு செய்தான். குழாயடிச் சண்டை, குடிசை இடிக்க வரும் லாரி, சாக்கடையில் விழுந்த குழந்தை. அவனுடைய முதல் கேசட். பிரதி எடுத்ததுபோக, மூலத்தை அக்காவிடமே கொடுத்து வைத்திருந்தான்.

தெருமுனை டீக்கடையில் இப்போது காலையிலிருந்து அதுதான்.

"மூடாதே லே, மூடாதே! பலகை போட்டு மூடாதே!
மூடி வச்சா நாத்தம் போவுமா? விழுறது யாரு வீட்டுப் புள்ள?"

நான்கே நாளில் சாயிரா எல்லா இடைவெளிகளையும் கேட்டு முடித்தாள். ஐந்தாம் பாட்டுக்கு முன்னால், "என்னை மறந்துரு." ஆறாவதற்கு முன்னால், "இனிமே வர முடியாது." ஏழாவதற்கு முன்னால் பேச்சில்லை. ஒரு கைக்குழந்தையின் அழுகை மட்டும்.

அதைக் கேட்டுத்தான் அவள் உடைந்துபோனாள். அவள் பெற்றது நாற்பது நாள்கூட இருக்கவில்லை. அதை அடக்கம் செய்த மூன்றாம் மாதம் புருஷன் அப்துல் ரவூப் சவூதியின் தமாமுக்கு விமானம் ஏறினார். அவளுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டத்தான் தெரியும் என்பதால் கடிதத்துக்குப் பதில் கேசட்டில் பேசி அனுப்புவார். கடைசி ஒரு வருஷம் அதுவும் வரவில்லை.

பிறகு அந்தச் சேதி வந்தது. கல்யாணுக்கு ரயிலேறி அங்குள்ள கடைகளுக்குத் தோல் பை போடப் போன மீரான், சாயங்காலம் திரும்பி வந்து வாசலிலேயே உட்கார்ந்துவிட்டான். தமாமில் விபத்தாம். அங்கேயே அடக்கிவிட்டார்களாம். வளைகுடாவிலிருந்து திரும்பிய ஒருவர் கல்யாண் ஸ்டேஷனில் பார்த்துச் சொன்னாராம்.

பக்கத்து வீட்டு மெஹராஜிடம் சாயிரா குரலைப் போட்டுக் காட்டினாள். அவள் தன் வீட்டுப் பிரதியையும் கொண்டுவந்து கேட்டாள். பிரதிக்குப் பிரதி எடுத்தது; இடைவெளிகளில் வெறும் இரைச்சல்.

"எல்லாம் டேப்பு கரகரப்புட்டி. மௌத்தானவரு பேசணும்னாலும் உன் தம்பி இடம் கொடுக்கணுமே? அந்தப் பய மூச்சு விடாமல்லா பேசுதான்!" சிரித்தவள் சாயிராவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். "மாஹிம் தர்காவுல தாயத்து வாங்கியாரேன். கட்டிக்கோ."

இத்தா முடிவதற்கு முதல் நாள் மீரான் துள்ளிக்கொண்டு வந்தான்.

"ராத்தா, மாதுங்காவுல மேடை கெடச்சுட்டு! ஞாயித்துக்கெழம. நீதான் மொத வரிசை, ஆமா."

"மொதல்ல இங்க உக்காரு. நான் பைத்தியமா இல்லியான்னு நீ சொல்லு."

போட்டாள். ஒவ்வொரு இடைவெளியாக நிறுத்தி நிறுத்தி எல்லாவற்றையும் போட்டாள். முதல் குரலிலேயே மீரானின் சிரிப்பு அணைந்தது. குழந்தை அழுதபோது அவன் டேப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். விரல் தானாகப் போய், பதிவு செய்யும் சிவப்புப் பொத்தானின்மேல் நின்றது.

"அழிக்கத்தான் இதுமேல பதிஞ்சேன். நடுவுல... பத்து எண்ணுத வரைக்கும் சும்மா ஓட விட்டேன்," என்று முணுமுணுத்தான். "இதை அமுக்கல."

அவன் என்ன சொல்கிறான் என்று அவளுக்குப் புரியவில்லை.

"ஒனக்கும் கேக்குதுல்லா?"

தலையசைத்தான்.

சாயிரா நான்கு மாதத்தில் முதல் தடவையாகச் சிரித்தாள்.

"அல்லா! அப்ப நான் பைத்தியம் இல்ல. ஒரு பிடி மண்ணு போட நாதியில்லாம அடங்குனாரே, ரூஹு எங்க கெடந்து அலையுதோன்னு ஒரு நாளு ஒறங்கல தம்பி. இத்தா முடிஞ்சாலும் எந்திரிக்கக் கூடாதுன்னு இருந்தேன்."

"ராத்தா..."

"இரு, சொல்லவிடு. அந்த அழுகையக் கேட்டியா? நம்ம புள்ளைதான். வாப்பாகிட்டப் போய்ச் சேந்துட்டு. இனிமே அவரு பேரைச் சொல்லி அழ மாட்டேன். நாளைக்கு எந்திரிச்சுருவேன். உன் மேடைக்கும் வாரேன்."

டீக்கடையிலிருந்து மீரானின் குரல் தெருவெல்லாம் கேட்டது. மூடாதே லே, மூடாதே. மீரான் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினான். பலகைக் கதவு; குரல் நிற்கவில்லை.

"ரெண்டு பேரும் ஒண்ணா இருக்காங்கல்லா?" என்றாள் சாயிரா. "எனக்கு அது போதும்."

மீரான் அவள் காலடியில் உட்கார்ந்தான்.

"கல்யாண்ல உசுரோட இருக்காங்க, ராத்தா."