குண்டு எழுத்து

திண்டிவனம் பேனர் கடையின் கணினித் திரையில் காலை வெயில் கூசுகிறது. இறந்துபோன தாண்டவராயனுக்குக் கண்ணீர் அஞ்சலி பேனர் தயாராகிறது. கடைப்பெண் அஸ்வினி அவர் பெயரைக் கறுப்பில், விறைப்பான எழுத்தில் அடித்திருக்கிறாள். அவர் மனைவி கெங்கம்மாளின் பார்வையோ சுவரில் இருக்கிறது. அங்கே ஒரு பிறந்தநாள் பேனரில் எழுத்துகள் பலூன்களாக உப்பி, ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்து நிற்கின்றன. "அந்தக் குண்டு எழுத்துல போடும்மா." "அது கொழந்தைங்களுக்குப் போடுறது, அக்கா. சாவுக்குப் போட்டா சிரிப்பாங்க." "சிரிக்கட்டுமே. ஸ்கூல் வாசல்ல பஞ்சுமிட்டாய் வித்துக்கினு, பசங்கள சிரிக்க வெச்சிக்கினு இருந்த மனுசன். இந்தக் கறுப்பப் பாத்தா அதுங்க பயந்து ஓடிடும்." அஸ்வினி எழுத்தை மாற்றுகிறாள். கேட்காமலே பஞ்சுமிட்டாய் ரோஸையும் நிரப்புகிறாள். பெயர் திரை முழுக்க உப்புகிறது. கெங்கம்மாள் ஓர் எழுத்தின் வயிற்றை விரலால் மெல்லத் தடவுகிறாள். "தொப்ப கூட அவருதேதான்."