தண்ணிமலை மொட்டை

பினாங்குக்குப் பாலம் வராத அந்த நல்ல நாட்களில், பெண் பார்க்கவும் பெர்ரிப் படகுதான் ஏற வேண்டும். அப்படித்தான் ராஜமாணிக்கம் அக்காவோடு தீவிலிருந்து எதிர்க்கரை பட்டர்வொர்த் போய் இறங்கினான். தலை புது மொட்டை.

“தண்ணிமலை முருகனுக்கு வேண்டுதலா தம்பி?” என்றார் பெண்ணின் அப்பா, ரயில்வேயில் கணக்கெழுதும் கிராணி சின்னையா.

“ரொம்பப் பக்தியான பிள்ளைங்க,” என்று அக்கா முந்திக்கொண்டாள்.

“அதான்லா வேணும். அடிதடிக்காரனுக்கு நான் பொண்ணு குடுக்கிறதில்ல.”

ருக்குமணியைப் பார்த்ததுமே பிடித்துப்போயிருந்த ராஜமாணிக்கம், பழுத்த பக்தனாகக் கண்ணை மூடிக்கொண்டான்.

வாசலில் இருவரும் தனியாகப் பேச ஐந்து நிமிடம் கிடைத்தது.

“போன வாரம் கிக்பாக்சிங் பட்டப் போட்டிக்கு எடை போட்டாங்களே, சீட்டு எழுதினவ நான்தான்,” என்றாள் ருக்குமணி. “ஐம்பத்தேழு கிலோவுக்கு மேல நூறு கிராம் இருந்தீங்க. முடியை வழிச்சதும் சரியா வந்துச்சு.”

ராஜமாணிக்கத்துக்கு மொட்டை வியர்த்தது.

“அப்பாகிட்ட சொல்லப் போறீங்களா?”

“முருகனுக்குப் போட்ட மொட்டைன்னே அவர் நினைச்சுக்கட்டும். நீங்க அடுத்த போட்டியிலயாவது இடது கையை இறக்காம நில்லுங்க. அதனாலதான் தோத்தீங்க.”