பன்னிரண்டு மணிப் பந்து

குருமடங்களுக்கு இடையிலான கால்பந்து இறுதி ஆட்டம், கடைசி பெனால்டி. இது உள்ளே போனால் எங்கள் மடத்துக்குக் கோப்பை இல்லை. நடுவர் ஃபாதர் விசில் ஊதிவிட்டார். எதிரணி பிரதர் ரொசாரியோ உதைக்க ஓடி வரும்போது கோயிலில் பன்னிரண்டு மணி அடித்தது. மூவேளை செபம். அவரவர் நின்ற இடத்திலேயே கைகூப்பினார்கள். மைதானத்துக்குக் கோடு போடும் சுண்ணாம்பு வாளியைக் கீழே வைத்துவிட்டு நானும் நின்றேன். அப்போதுதான் காற்றில் பந்து அசைந்து கோல் பக்கம் உருள ஆரம்பித்தது. அந்தப் பக்கம் சரிவு. மண் கொட்டி மட்டம் பார்த்தவன் நான்தான், என் மனசு செபத்தில் நிற்கவில்லை. செபத்தில் எல்லோரும் முழங்கால் போடும் வரி வந்தது. எங்கள் கோல்கீப்பர் பிரதர் அமலதாஸ் கூப்பிய கையைப் பிரிக்காமல் இரண்டு எட்டு நகர்ந்து முழங்காலிட்டார். பந்து வந்து அந்த முழங்காலில் சாய்ந்து நின்றது.

செபம் முடிந்து மற்ற எல்லோரும் எழுந்தார்கள்.

“முழங்கால் போட வேற இடமே கிடைக்கலியா பிரதர்?” என்றார் ரொசாரியோ.

“பக்தி வந்த இடத்துல போட்டேன்.”

“சரி, எந்திரிங்க. விசில் ஊதியாச்சு, உள்ள போனா கோல்தான். இல்லியா ஃபாதர்?”

ஃபாதர் வாயிலிருந்து விசிலை எடுக்கவில்லை. அமலதாஸ் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு அடுத்த செபத்தை ஆரம்பித்தார்.