அறுநூறு வாட்

கிராஃபிக்ஸ் கார்டு வாங்கியதிலேயே இன்பராஜின் சேமிப்பு கரைந்துவிட்டது. மின்சாரம் கொடுக்க அவனுக்கு அகப்பட்டது ஒரு மலிவான பவர் சப்ளைதான்.

இரண்டையும் ஒரே கம்ப்யூட்டர் கேபினெட்டுக்குள் பூட்டினான்.

"அறுநூறு வாட்னு போட்டிருக்கே! நீங்க இருக்கும்போது எனக்கென்ன கவலை அண்ணே?" என்றது கார்டு.

பவர் சப்ளை உண்மையை ஒப்புக்கொண்டது. "அது கம்பெனிக்காரன் ஒட்டினது தங்கச்சி. முன்னூறுக்கு மேல என்னால தாங்காது. கொஞ்சமா இழு."

"கேம் ஓடினா நான் இழுத்துத்தானே ஆகணும்?"

இன்பராஜ் ஆசையாகக் கேமைத் திறந்தான். கார்டு கேட்கக் கேட்கப் பவர் சப்ளை உயிரைக் கொடுத்து ஈடுகொடுத்தது. மூன்றாவது நிமிடத்தில் அதன் உள்ளே ஏதோ வெடித்தது.

கருகல் வாடைக்கு நடுவே, "தங்கச்சி, தங்கச்சி" என்று கூப்பிட்டுப் பார்த்தது. கார்டும் சேர்ந்தே கருகிப்போயிருந்தது.